வாசற்படி தாண்ட வேண்டியதில்லை

“எல்லாம் வீட்டுக்கே வந்துருது. அம்மா வாசப்படி தாண்ட வேண்டியதே இல்ல.” பெங்களூரிலிருந்து அத்தான் ஒருநாள் தொலைபேசியில் சொன்னது இது. அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியில் நியாயமும் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் தனியே இருக்கும் என் அத்தைக்கு 76 வயது. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகள் சார்ஜாவில் இருக்கிறார். காலையில் கேட்டில் மாட்டிய பைக்குள் பால் பாக்கெட் விழுகிறது. காய்கறிக்கடைக்குப் போன் செய்தால் பையன் கொண்டுவந்து கொடுக்கிறான். கரண்ட் பில்லை அத்தான் பெங்களூரிலிருந்தே கட்டிவிடுகிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வருகின்றன. ரத்தப் பரிசோதனைக்கு லேப்பிலிருந்து ஆள் வருகிறார். 70 வயதைக் கடந்தவர்களுக்காக 2025 ஆகஸ்டில் ‘தாயுமானவர்’ திட்டம் தொடங்கிய பிறகு ரேஷன் பொருள்களும் வாசலுக்கே வந்துவிட்டன. அத்தான் எதிலும் குறை வைக்கவில்லை, அரசும் வைக்கவில்லை.

ஆனாலும் அந்த வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மேலே சொன்ன ஒவ்வொன்றுக்காகவும் அத்தை முன்பு வெளியே போய்க்கொண்டிருந்தார். பால் பூத்துக்கு, காய்கறிச் சந்தைக்கு, மின்வாரிய அலுவலகத்துக்கு, ரேஷன் கடைக்கு, அரசு மருத்துவமனைக்கு, வங்கிக்கு என்று வாரத்தில் பெரும்பாலான நாள்களில் கால் தெருவில் பட்டுவிடும். அவற்றை அவர் அலைச்சல் என்றுதான் சொல்வார், சலித்துக்கொண்டேதான் கிளம்புவார். ஓராண்டுக்குள் அந்த அலைச்சல் முழுவதும் ஓய்ந்துவிட்டது. அதே ஓராண்டில்தான் அவர் படியிறங்கக் கைப்பிடிச் சுவரைத் தேடத் தொடங்கினார். ரவிக்கைகள் தொளதொளத்தன. ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அந்தத் தாளை மட்டும் பார்க்கிற எவரும் இந்த அம்மாள் நன்றாக இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரிவது வேறு. காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு முறை அடுப்பு பற்றும். ஒரு டம்ளர் அரிசி வடித்து, ஒரு துவையல் அரைத்து, அதையே மத்தியானத்துக்கும் வைத்துக்கொள்வார். மிச்சச் சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றுவார், அல்லது டீயில் இரண்டு ரஸ்க்கை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். “ஒருத்திக்கு என்னய்யா சமையல்” என்பார். பருப்போ முட்டையோ பல நாள்கள் அந்த அடுப்பைக் கண்டதில்லை. காலையில் நான் போன் செய்யும்போது முதல் இரண்டு வாக்கியங்கள் தொண்டை கட்டிய குரலில்தான் வரும். சளியோ என்று கேட்டால், “இல்லய்யா, நேத்துலேருந்து பேசல, அதான்” என்பார். நாற்பது குழந்தைகள் இரைச்சலிடும் வகுப்பை ஒரு சொல்லில் அடக்கிய குரல் அது.

தனிமை என்று அவர் சொல்லவில்லை

இப்படி ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, “பாவம், தனிமையில் வாடுகிறார்” என்று நாம் முடித்துவிடுகிறோம். அத்தை வாடவில்லை. கேட்டால், “எனக்கென்ன தனிமை? டிவி இருக்கு, புஸ்தகம் இருக்கு, நீங்கள்லாம் போன் பண்ணுதிய” என்பார். அது பொய்யும் இல்லை. அவர் இயல்பிலேயே தனக்குள் நிறைவாக இருக்கத் தெரிந்தவர். இந்தப் பதிலைக் கேட்டுத்தான் எங்கள் குடும்பம் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தது.

இந்தப் பதில் போதாது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் 52 வயதைக் கடந்த 6,500 பேரை 2004 தொடங்கி 2012 வரை பின்தொடர்ந்து, 2013இல் வெளியிட்டார்கள். அதில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே அளந்தார்கள். ஒன்று, தனிமையாக உணர்கிறேன் என்று ஒருவர் சொல்வது. மற்றொன்று, அவர் மற்றவர்களோடு எவ்வளவு தொடர்பில் இருக்கிறார், சங்கம், கோயில் குழு போன்ற எதிலாவது சேர்ந்திருக்கிறாரா என்பது. மேலோட்டமாகப் பார்த்தபோது இரண்டுமே முன்கூட்டிய மரணத்தோடு சேர்ந்து வந்தன. ஏற்கெனவே இருக்கும் நோய், வசதி, வயது ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, தனிமை உணர்வுக்கும் மரணத்துக்கும் இருந்த தொடர்பு மங்கிவிட்டது. ஆள் தொடர்பு அற்றிருப்பதற்கும் மரணத்துக்கும் இருந்த தொடர்பு மட்டும் அப்படியே நின்றது. அதாவது, தான் தனிமையில் இல்லை என்று மனதார நம்புகிற ஒருவரின் உடம்பும், மனிதர் நடமாட்டம் இல்லாத வீட்டில் மெல்லத் தேய்ந்துபோகலாம்.

இதைப் படித்த பிறகு அத்தையிடம் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்பதை நான் குறைத்துக்கொண்டேன். “இன்னைக்கு யாரப் பாத்தீங்க?” என்று கேட்கத் தொடங்கினேன். முதல் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மை நிலவரம் கிடைத்தது.

உலக அளவில் இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு 2010இல் வந்தது. 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைச் சேர்த்துப் பார்த்ததில், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. ஆனால், ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு தெளிவான விடை தருவதில்லை. அன்பு இதயத்துக்கு நல்லது என்ற அளவில் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தைக்கு அன்பு குறையவே இல்லை. இரண்டு நாட்டிலிருந்து தினமும் போனில் வந்துகொண்டிருந்தது.

விடையின் ஒரு பகுதியை நான் சிகாகோவின் கதையில் கண்டேன். 1995 ஜூலையில் அங்கே அடித்த வெயிலில், வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்துபோனார்கள். பலர் முதியவர்கள், பலர் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே இருந்தவர்கள். அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளைப் பின்னர் சமூகவியல் ஆய்வு ஒப்பிட்டது. இரண்டிலும் வறுமை உண்டு; தனியே வாழும் முதியவர்களின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வடக்கு லாண்டேலில் இறப்பு விகிதம் தெற்கு லாண்டேலைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. தெற்கு லாண்டேலில் நடைபாதை நெடுகக் கடைகளும் சந்தைகளும் தேவாலயமும் இருந்தன. வெயிலிலும் முதியவர்கள் எதையாவது வாங்க வெளியே வந்தார்கள், குளிர்சாதனம் உள்ள கடையில் நின்றார்கள், வராதவரைப் பற்றி யாராவது கேட்டார்கள். வடக்கில் கடைகள் மூடி, கட்டடங்கள் பாழடைந்து, வெளியே போக முகாந்திரமே இல்லாமல் போயிருந்தது. இரண்டு பகுதிகளிலும் பிள்ளைகளுக்குப் பெற்றோர்மீது இருந்த பாசத்தில் வேறுபாடு இருந்திருக்க முடியாது. வேறுபாடு தெருவில் இருந்தது.

கருவூலத்து வேப்பமரம்

இதெல்லாம் எனக்கு அறிவாகத்தான் இருந்தது. புரிந்தது ஒரு செப்டம்பர் மாதக் காலையில்.

ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுக்கு ஒருமுறை, தாம் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்த நேர்காணலுக்குப் போக வேண்டும் என்பது வாசகர்கள் அறிந்ததே. முன்பு தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு அது ஏப்ரல் முதல் ஜூன் வரை கருவூலத்தில் நடக்கும். கொரோனா வந்த 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் விலக்கு அளித்தார்கள். பிறகு நடைமுறை மாறியது. அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் என்று ஆகிவிட்டது. 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து மின்னணு வாழ்நாள் சான்றைப் பதிந்து கொடுக்கும் வசதியும் வந்தது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவரை, முன்பு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கருவூலத்துக்குக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு மாதம் செப்டம்பர். நான் அப்போது அங்கே இருந்தேன். தபால்காரர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கே அத்தை குளித்து, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை வாரி, மஞ்சள் பையில் ஓய்வூதியப் புத்தகம், வங்கிப் புத்தகம், ஆதார் அட்டை எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துவைத்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வரும் நாளில் அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது; அதே நிமிர்வு.

தபால்காரர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து போனையும் ரேகைக் கருவியையும் எடுத்தார். பெருவிரல் பதியவில்லை. சுண்ணாம்புக்கட்டி பிடித்துத் தேய்ந்த ரேகை என்று அத்தை சொன்னார். ஆள்காட்டி விரலும் பதியவில்லை. ஈரத்துணியால் துடைத்து மோதிர விரலை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. “முடிஞ்சுட்டு டீச்சர். மெசேஜ் வந்துரும்.” அத்தை மஞ்சள் பையைத் திறக்கவே இல்லை. “இம்புட்டுதானாய்யா?” என்று கேட்டார். “இம்புட்டுதான் டீச்சர், நீங்க எங்கயும் அலைய வேண்டாம்.” காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். இன்னும் பல வீடுகள் இருக்கின்றன என்று அவர் வணங்கிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நல்ல மனிதர், அவர் வேலை அது.

அத்தை சேலையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தாமாகவே பேசத் தொடங்கினார். நேர்காணல் மூன்று மாத காலத்துக்குள் ஏதாவது ஒரு நாள் என்று இருந்தபோது, அவரோடு வேலை பார்த்த டீச்சர்மாரெல்லாம் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் போவார்களாம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர், வீரவநல்லூரிலிருந்து ஒருவர், பாபநாசத்திலிருந்து ஒருவர். கருவூலத்து வாசலில் வேப்பமரம். டோக்கன் வரும்வரை அதன் கீழேதான் ஓராண்டுப் பேச்சும் நடக்கும். யார் பேத்திக்குக் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தார், யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பிரிவார்கள். இப்போது ஆளுக்கொரு மாதம். ஒருவருக்கு ஜனவரி, ஒருவருக்கு ஜூலை. அதிலும் பாதிப் பேருக்கு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

“ஒருவாட்டி அங்கதான் என் கால் தப்பிச்சுது, தெரியுமா மருமவனே?” என்றார். எனக்குத் தெரியாது. செருப்புக் கடி என்று நினைத்து அவர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த குதிகால் புண்ணை, மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது வீரவநல்லூர் டீச்சர் பார்த்துவிட்டாராம். அவருடைய வீட்டுக்காரருக்குச் சர்க்கரைப் புண்ணால் விரலை எடுத்திருந்தார்கள். அத்தை சமாதானம் சொல்லச் சொல்லக் கேட்காமல், நேர்காணல் முடிந்த கையோடு ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

இப்போது அத்தை வீட்டுக்கு வருகிறவர்களை நினைத்துப் பார்த்தேன். ரத்தம் எடுக்க வருபவர் கையைப் பார்க்கிறார். தபால்காரர் விரலைப் பார்க்கிறார். காய்கறி கொண்டுவரும் பையன் காசைப் பார்க்கிறான். வீடியோ அழைப்பில் நாங்கள் முகத்தைப் பார்க்கிறோம். குதிகாலைப் பார்க்க எவரும் இல்லை. யாரும் கடமையில் தவறவில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முழு ஆளைப் பார்க்க, அவசரமில்லாத இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு வரிசையில் இருந்தது, காத்திருப்பில் இருந்தது, அலைச்சலில் இருந்தது. சேவையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நாம் அலைச்சலை மட்டும் நீக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

யாருக்காக, எது

உடம்பும் இதில் பங்கு கேட்கிறது. ஆரோக்கியமான முதியவர்கள் பன்னிரண்டு பேரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அத்தை படுக்கையில் இல்லை, நாற்காலியில் இருக்கிறார். ஆனால் நாள் ஒன்றுக்கு அடுப்படியிலிருந்து வாசல் வரை நடப்பதே நடை என்றான பிறகு, கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் வெளியே போக அஞ்சுகிறது. வெளியே போகாதவருக்கு மனிதர்கள் குறைகிறார்கள். மனிதர்கள் குறைந்த வீட்டில் சமைக்கத் தோன்றுவதில்லை. காதும் அப்படித்தான். சரியாகக் கேட்காதவர் கூட்டத்தைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதைப் பிறர் ஒதுக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதியவருக்குக் காது பரிசோதனை செய்து கருவி வாங்கித் தருவதை ஆடம்பரம்போல் தள்ளிப்போடும் குடும்பங்கள், அதை ரத்த அழுத்த மாத்திரைக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதைப் படிக்கும் சிலர் கோபப்படக்கூடும். ரேஷன் கடை வரிசையில் கிழவிகள் மயங்கி விழுந்த காலம் திரும்ப வேண்டுமா என்று கேட்கக்கூடும். வேண்டாம். எழ முடியாதவருக்கு வாசல்வரை வரும் அரிசியும் மாத்திரையும் உயிர்நாடி. அதில் ஒரு குன்றிமணி அளவும் குறைக்கக் கூடாது. என் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. நடக்க முடிந்தவர்களையும், கொஞ்சம் நிழலும் ஓர் இருக்கையும் கழிப்பறையும் கிடைத்தால் நடந்துவிடக் கூடியவர்களையும், முடியாதவர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டோம். வெளியே இருப்பதைச் சரிசெய்வதைவிட வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது எளிது என்பதே காரணம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் வந்த அறிவிப்பு, கிழவிகள் பலரை மீண்டும் வெளியே கொண்டுவந்தது. சந்தைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் அவர்கள் போய்வருவதை எந்த ஊர் நிறுத்தத்திலும் பார்க்கலாம். ஆனால் அந்தப் பேருந்தின் முதல் படி முழங்கால் உயரம். அத்தை இரண்டு முறை கால் வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

ஜப்பானில் தாக்கேதோயோ என்ற சிற்றூரில், 2007 முதல், முதியவர்கள் கூடிப் பேசவும் கைவேலை செய்யவும் விளையாடவும் ஊரின் பல இடங்களில் கூடங்களை நடத்திவருகிறார்கள். நடத்துபவர்கள் ஊர்க்காரர்களே. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அங்கே போய்வந்தவர்களில் பிறர் கவனிப்பு தேவைப்படும் நிலைக்கு ஆளானோர், போகாதவர்களில் ஏறத்தாழ பாதிதான். நல்ல உடல்நிலை உள்ளவர்கள்தானே போயிருப்பார்கள் என்ற நியாயமான சந்தேகம் எழும். அதனால்தான் ஆய்வாளர்கள் வீட்டுக்கும் கூடத்துக்கும் உள்ள தூரத்தை வைத்தும் கணக்கிட்டார்கள். கூடம் பக்கத்தில் இருந்தவர்கள் அதிகம் போனார்கள். பலனும் அவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு இதில் பிடித்தது அந்தத் தூரக் கணக்குதான். ஒருவரின் மனநிலையையோ சுபாவத்தையோ மாற்ற வேண்டியதில்லை. கூடத்தை இரண்டு தெரு பக்கத்தில் வைத்தால் போதும். நம் ஊர்களில் அதற்குப் புதுக் கட்டடம்கூட வேண்டாம். ரேஷன் கடை இருக்கிறது, கருவூலம் இருக்கிறது, மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அத்தையின் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை. மாத்திரையும் ரேஷனும் இன்னும் வீட்டுக்குத்தான் வருகின்றன. பாலை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பூத்துக்குத் தாமே போய்வருகிறார், கையில் மாமாவின் பழைய ஊன்றுகோலோடு. அத்தானுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அது வெறும் பயம் இல்லை; அவருடைய அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. பூத் வரையிலான வழியில் தூக்கி நிற்கும் சிமெண்ட் மூடி ஒன்றை நகராட்சிக்குச் சொல்லிச் சரிசெய்ய வைக்கும்வரை நானும் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

வீரவநல்லூர் டீச்சர் இப்போது மகளோடு தென்காசியில் இருக்கிறார். அவரோடும் மற்றவர்களோடும் அத்தை போனில் பேசி ஒரு மனு தயார் செய்திருக்கிறார். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஓய்வூதியர் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பதற்காக. எழுத்து இன்னும் முத்துமுத்தாக இருக்கிறது. வீட்டிலேயே சான்று பதியும் வசதி தொடர வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கருவூல வாசலில் முதுகு சாயும் வகையில் நான்கு பெஞ்சுகளும், படியில்லாத கழிப்பறையும் வேண்டும் என்பது இரண்டாவது. ஓய்வு பெற்ற மாதம் எதுவானாலும், ஆண்டில் ஒரு வாரம், விரும்புகிற எவரும் நேரில் வந்து நேர்காணலை முடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்பது மூன்றாவது. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். குதிகால் கதையை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார், கீழே பதினொரு டீச்சர்மார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து வாங்க ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில்தான் போக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், மனு இன்னும் ஆட்சியர் அலுவலகத்தை எட்டவில்லை. பாபநாசத்து டீச்சர் ஒருவர் பாக்கி.